கிளிப் போட்ட பல்லோடு பயணம்: வாசகர் கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்தும், அங்கே வரவிருக்கும் ஒருவரிடமிருந்தும் பல் கிளிப் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்துக் கொடுக்கிறோம். எல்லாமே பயணம் சம்பந்தப்பட்டவை. கிளிப் போட்ட மருத்துவர் மதுரையிலோ ராமநாதபுரத்திலோ இருக்கிறார். போட்டுக்கொண்டவரோ ரயிலில், படகில், விடுதியில், வேறு நாட்டில். பல் சீரமைப்பு மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள்.

என் மகளுக்கு 14 வயது. மதுரையில் கிளிப் போட்டு நாலு மாதம் ஆகிறது. கோடை லீவுக்குச் சென்னையில் என் நாத்தனார் வீட்டில் பத்து நாள் தங்கப் போகிறோம். ராத்திரி ரயில். கிளம்புவதற்கு முந்தின நாள்தான் டாக்டரிடம் காட்டத் தேதி கிடைத்திருக்கிறது. என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
– வாசகி, தங்கச்சிமடம்

முதல் வேலையாக அந்தத் தேதியை மாற்றித் தரச் சொல்லுங்கள். பயணத்துக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு காட்டுவதுதான் சரி. கம்பி மாற்றினால் வலி அன்று ராத்திரியே ஆரம்பிக்கும். அடுத்த இரண்டு நாள் அதிகமாக இருந்து, நாலைந்து நாளில் அடங்கும். முந்தின நாள் மாற்றினால் அந்த வலியெல்லாம் ரயிலிலும் விருந்து வீட்டிலும்தான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பற்கள் வரிசைக்கு வர வர, கம்பி பின்பக்கமாக நழுவிக் கடைவாய்ப் பல்லைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நீளும். அது கன்னத்தில் குத்துவது சில நாள் கழித்துத்தான் தெரியவரும். ஊரில் இருக்கும்போதே தெரிந்துவிட்டால் போய் வெட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

அன்று மருத்துவமனையில் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, கம்பி குத்தும் இடத்தில் ஒட்டுவதற்கான மெழுகு இரண்டு டப்பா. மற்றொன்று படம் அனுப்புவதற்கான எண். கிளம்புமுன் மகளின் பற்களை நேராக, இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று படம் எடுத்து வையுங்கள். கரண்டிக் காம்பால் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்தால் கடைவாய்ப் பல்லும் தெரியும். சென்னையில் ஏதாவது கழன்றால் அதே மூன்று படத்தை மறுபடி எடுத்து அனுப்பலாம். இரண்டையும் வைத்துப் பார்த்தே, காத்திருக்கலாமா உடனே யாரிடமாவது காட்ட வேண்டுமா என்று மருத்துவர் சொல்லிவிடுவார்.

மூடியுள்ள ஒரு சின்ன டப்பா போதும். அதில் மிருதுவான சிறுதலை பிரஷ் ஒன்று, பாட்டில் கழுவும் பிரஷின் குட்டிபோல இருக்கும் இடுக்கு பிரஷ் மூன்று, ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், மெழுகு, கைக்கண்ணாடி, கொஞ்சம் பஞ்சு. கம்பிக்கு அடியில் நூல் விட்டுப் பழகியிருந்தால் முனை விறைப்பான ஃப்ளாஸ் நூலும் வையுங்கள். மெழுகில் ஒரு எச்சரிக்கை: மே மாத வெயிலில் பஸ் ஜன்னலோரப் பையில் வைத்தால் குழைந்து விரலில் ஒட்டுமே தவிர பல்லில் ஒட்டாது. துணிகளுக்கு நடுவில் வையுங்கள். குழைந்துவிட்டால் டப்பாவோடு பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்தால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.

மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் ரப்பர் மாட்டச் சொல்லியிருந்தால் எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்று, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்றால் ஒரு நாளைக்கு நாலு. பத்து நாளைக்கு 40. அறுந்துபோவதற்கும் தொலைவதற்கும் 20 சேர்த்து 60. பாக்கெட் உறையை எறிய வேண்டாம். அதில் உள்ள அளவும் படமும் இருந்தால்தான் வேறு ஊரில் அதே ரப்பர் வாங்க முடியும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து மாட்டவே கூடாது. விசை இரட்டிப்பானால் பல் இரட்டிப்பு வேகத்தில் நகராது, வலிதான் கூடும். வேருக்கும் அது நல்லதில்லை.

ரயிலில் பல் துலக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பத்து நாள் பயணத்தில் எங்களுக்குப் பெரிய கவலை அதுதான். கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டுதான் பிராக்கெட்; அது கழன்றால் திரும்ப ஒட்டிவிடலாம். பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு கீற்றுபோல இருக்கும் இடத்தில் மாவுப்படிவு தங்கினால், நாலு வாரத்திலேயே எனாமலில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல வெள்ளைத் தழும்பு விழக்கூடும். கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பல்லிலும் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி அந்த வெள்ளை வளையமும் இருக்கும். அது முழுதாகப் போவது அரிது.

வாஷ்பேசின் தண்ணீர் வேண்டாம். குடிதண்ணீர் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, தாராளம். சாப்பிட்டதும் இரண்டு வாய் தண்ணீரை வேகமாகக் கொப்பளித்துத் துப்பினால் பெரிய பருக்கைகள் போய்விடும். பிறகு பட்டாணி அளவு பேஸ்ட். பிரஷை ஈறுப் பக்கமிருந்து 45 டிகிரி சாய்த்து பிராக்கெட்டின் மேல் விளிம்பில் ஒரு சுற்று. கீழிருந்து மேலாகச் சாய்த்துக் கீழ் விளிம்பில் ஒரு சுற்று. அதற்கப்புறம் கடிக்கும் பரப்பு, உள்பக்கம். இடுக்கு பிரஷைக் கம்பிக்கு அடியில் செங்குத்தாக விட்டு, ஒவ்வொரு பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் மூன்று நாலு தடவை மேலும் கீழும் இழுக்க வேண்டும். மொத்தம் நாலு நிமிடம். கடைசியில் நுரையைத் துப்பினால் போதும்; நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும். எல்லா வேளையும் முடியாவிட்டால் படுக்கப் போகுமுன் துலக்குவதையாவது கட்டாயம் செய்யுங்கள். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் படிவு அப்போதுதான் அதிகம் அரிக்கும்.

வலிக்கு: 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்று, சாப்பிட்ட பிறகு. அடுத்தது தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து.

எனக்கு வயது 21. விசைப்படகில் தொழிலுக்குப் போக ஆரம்பித்து மூன்று மாதம். காலையில் போனால் மறுநாள் காலைதான் கரை. போன வாரம் கடலில் இருக்கும்போது கம்பி நுனி கன்னத்தைக் குத்திக் கிழித்துவிட்டது. கூட வந்த அண்ணன் பிளேயரால் வெட்டிவிடவா என்று கேட்டார், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சில நாள் வாந்தியும் வருகிறது. அப்போது கிளிப்பை என்ன செய்வது?
– வாசகர், பாம்பன்

வேண்டாம் என்று சொன்னது நல்லது. ஆடுகிற படகில் வாய்க்குள் பிளேயரை விட்டால் உதடும் நாக்கும்தான் முதலில் மாட்டும். அப்படியே வெட்டினாலும் வெட்டுப்பட்ட துண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. தொண்டைக்குள் போனால் கரைக்கு வர எத்தனை மணி நேரம் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த தடவை இப்படிச் செய்யுங்கள். கையைச் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கேனில் இருக்கும் குடிதண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். கடல் தண்ணீர் வேண்டாம்: லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது, புண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, படகுகள் நிற்கும் இடத்துத் தண்ணீராக இருந்தால் டீசலும் கழிவும் சேர்ந்திருக்கும். கன்னத்தை விரலால் விலக்கி, குத்துகிற நுனியையும் அதை ஒட்டிய பிராக்கெட்டையும் சுத்தமான துணி நுனியால் ஈரம் போகத் துடையுங்கள். மெழுகு நிற்காமல் விழுந்துவிடுகிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு படியைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிறகு கொண்டைக்கடலையில் பாதி அளவு மெழுகைக் கிள்ளி, விரல் நடுவே பத்து நொடி உருட்டி, நுனி மேல் வைத்து லேசாகத் தட்டையாக அமுக்குங்கள். கம்பி நுனி மெழுகுக்குள் புதைந்திருக்க வேண்டும். மேலே தொப்பிபோல உட்கார்ந்திருந்தால் பேசும்போதே உருண்டுவிடும். சாப்பிடும்போது எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். தவறி விழுங்கினாலும் கெடுதல் இல்லை. மெழுகு கைவசம் இல்லாத ராத்திரியில் சர்க்கரை இல்லாத சுவிங்கத்தைக் கொஞ்சம் மென்று அதே மாதிரி ஒட்டிச் சமாளிக்கலாம், கரை வரும்வரைக்கும் மட்டும்.

குத்துவது எந்தக் கம்பி என்று பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். பிராக்கெட்டைச் சுற்றிக் கட்டியிருக்கும் தலைமுடி போன்ற கட்டுக்கம்பியின் முறுக்கு நுனி வெளியே வந்திருந்தால், பென்சிலின் ரப்பர் முனையால் மெல்ல உள்பக்கம் மடக்கி விடலாம். நீளவாக்கில் எல்லாப் பல்லையும் சேர்த்து ஓடும் முதன்மைக் கம்பி அப்படி மடங்காது. ஆரம்ப மாதங்களில் போடும் கம்பி நிக்கல் டைட்டானியம்; வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும், அந்தக் குணத்தால்தான் பல்லையே நகர்த்துகிறது. அதோடு மல்லுக்கட்டினால் கடைசிப் பல்லில் கம்பி நுழைந்திருக்கும் சின்னக் குழாயிலிருந்து வெளியே வந்துவிடும். கரைக்கு வந்ததும் மருத்துவரிடம் போனில் பேசுங்கள்.

வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கக் கூடாது. வயிற்று அமிலம் பட்ட எனாமல் கொஞ்ச நேரம் இளகியிருக்கும். பிரஷ் போட்டால் தேய்ந்துபோகும். வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை கொப்பளியுங்கள். சமையல் சோடா அரைத் தேக்கரண்டி ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து கொப்பளித்தால் அமிலம் இன்னும் சீக்கிரம் அடங்கும். ஒரு சின்னப் பொட்டலம் சோடா படகில் கிடக்கட்டும். அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். வலை கட்டும்போதும் தூண்டில் முடியும்போதும் நைலான் நூலைப் பல்லால் கடித்து இழுக்கிற பழக்கம் இருக்கிறதல்லவா? முன்பல் பிராக்கெட் கழல்வதற்கு அது ஒன்றே போதும். பிராக்கெட் பசை நேராக மெல்லும் விசையைத் தாங்கும். பக்கவாட்டில் வெடுக்கென்று சுண்டினால் பெயர்ந்துவிடும். கிளிப் இருக்கும்வரை கத்தியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டைப்பாக்கும் வேண்டாம்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் நோன்பு மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஊருக்கு வருகிறாள். மூன்று மாதம் முன்புதான் கிளிப் போட்டது. நோன்பு வைத்துக்கொண்டே வாயை எப்படிச் சுத்தமாக வைப்பது? பெருநாளைக்கு வீட்டில் தொதல் கிண்டுவோம். அவள் சாப்பிடலாமா?
– வாசகி, கீழக்கரை

நோன்பு நேரத்தில் தண்ணீர் குடிக்காததால் எச்சில் குறைந்து வாய் வறண்டிருக்கும். பல்லைக் காப்பாற்றுவதில் எச்சிலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் சாப்பிடும் நேரங்களை ஒட்டி இரண்டு முறை ஒழுங்காகத் துலக்கினாலே போதும்; அந்த இரண்டும் தவறக் கூடாது. சஹர் சாப்பாடு முடிந்ததும், நேரம் முடிவதற்குக் கால் மணி முன்பே எழுந்து, இடுக்கு பிரஷோடு முழுச் சுத்தம். இரண்டாவது, இஃப்தாரும் சாப்பாடும் முடிந்து, படுக்கப் போகுமுன். நடுவில் கொறித்துக்கொண்டே இருக்கும் நாளானால் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொப்பளிக்கட்டும்.

நோன்புக் கஞ்சி கிளிப் போட்டவர்களுக்கு ஏற்ற சாப்பாடு. பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து, நாலாக நறுக்கி, கடைவாய்ப் பல்லால் மெல்லட்டும். முழுப் பழத்தை முன்பல்லால் கடித்தால் உள்ளே கொட்டை இருப்பது கடித்த பிறகுதான் தெரியும். சமோசா, வடையின் முறுகிய ஓரத்தைப் பிய்த்து வைத்துவிட்டு நடுப்பகுதியைச் சாப்பிடலாம். கம்பி மாற்றும் தேதி நோன்பு மாதத்துக்குள் வந்தால், வலி மாத்திரையை இஃப்தாருக்குப் பின் போட வசதியாக மாலை நேரம் கேட்டு வாங்குங்கள்.

தொதலுக்கு வருவோம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி என்று மணிக்கணக்கில் கிண்டி இறக்கிய தொதல் கையில் ஒட்டாது, கம்பியில் ஒட்டும். ஒரு துண்டைக் கடித்து இழுத்தால் அது கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே புகுந்து, ஆரம்பக் கட்டத்து மெல்லிய கம்பியை வளைத்து, சில சமயம் கடைவாய்க் குழாயிலிருந்தே உருவி விடும். பெருநாளன்று ஆசையாகக் கிண்டியதைத் தொடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, நாக்கில் வைத்துக் கரைய விடட்டும், மெல்ல வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும். பாதித் தொதலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ரயிலில் சென்னைவரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதுதான் பல்லுக்குக் கேடு. இனிப்பு வாயில் படும் ஒவ்வொரு தடவையும் அடுத்த அரை மணி நேரத்துக்கு அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். பத்து தடவை கொறித்தால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள்.

நம் பக்கத்துச் சாப்பாட்டில் இன்னும் சில. நுங்கு, இடியாப்பம், புட்டு, முள் எடுத்த மீன் எல்லாம் சரி. பனங்கிழங்கு வேண்டாம், அதன் நார் பிராக்கெட்டைச் சுற்றிக்கொண்டு இடுக்கு பிரஷுக்கும் வராது. நண்டை ஓடு உடைத்துச் சதையாக எடுத்துக் கொடுங்கள். கணவாய் ரப்பர்போல இழுக்கும். சின்னதாக நறுக்கி நன்றாக வேக வைத்தால் தோஷமில்லை. முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், ஐஸ் கட்டி எல்லாம் கிளிப் கழற்றிய பிறகு. பல் நிறத்து செராமிக் கிளிப்பாக இருந்தால் மஞ்சள் போட்ட மீன் குழம்பு இரண்டு நாளில் வெள்ளை ரப்பர் வளையத்தை மஞ்சளாக்கிவிடும். அது வளையத்தின் கறைதான், பல்லின் கறை இல்லை. அடுத்த முறை வளையத்தை மாற்றும்போது போய்விடும்.

என் மகனுக்கு 19 வயது. கிளிப் போட்டு ஒன்பது மாதம். வேலைக்கு சவுதி போக விசா வந்துவிட்டது, இரண்டு வருடம் கழித்துத்தான் வருவான். இன்னும் ஒரு வருடமாவது கிளிப் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கிளிப்போடு அனுப்பலாமா, கழற்றிவிடவா?
– வாசகர், தொண்டி

கிளிப்போடு அனுப்பிவிட்டு, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். இதில் நாங்கள் கண்டிப்பாகச் சொல்வது அதுதான். நாலிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்றால் இறுக்குவதற்காக மட்டும் இல்லை. பல் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறதா என்று பார்க்கத்தான் முக்கியமாக. யாரும் பார்க்காவிட்டாலும் கம்பி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஒரு பிராக்கெட் கழன்றால் அந்தப் பல் மட்டும் பின்தங்கிவிடும், பக்கத்துப் பல் சாயும், இடைவெளி மூட மாட்டியிருந்த ரப்பர் சங்கிலி பல்லைச் சுழற்றிவிடும்.

இரண்டு வழி இருக்கிறது. போகும் ஊரில் பல் சீரமைப்பு மருத்துவர் இருந்து, செலவுக்கும் லீவுக்கும் கம்பெனியில் வழி இருந்தால், சிகிச்சையை அங்கே மாற்றிக்கொள்ளலாம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே இங்குள்ள மருத்துவரிடம் மாற்றுக் கடிதம் கேளுங்கள். அதில் தொடங்கிய தேதி, முதலில் இருந்த பிரச்சினை, பல் எடுத்திருந்தால் எந்தப் பல், எந்த முறை பிராக்கெட், அதில் கம்பி உட்காரும் பள்ளம் 0.018 அங்குலமா 0.022 அங்குலமா, இப்போது ஓடும் கம்பியின் அளவும் உலோகமும், ரப்பர் அளவு, மீதி இருக்கும் வேலை எல்லாம் இருக்க வேண்டும். பள்ளத்தின் அளவு தெரியாவிட்டால் புது மருத்துவர் எந்தக் கம்பி போடுவது என்று தடுமாறுவார். சில பேர் பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாகவே ஒட்டச் சொல்வார்கள், செலவு இரட்டிப்பு. ஆரம்பத்தில் எடுத்த இரண்டு எக்ஸ்ரே, அதாவது தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜியும் பக்கவாட்டுத் தலைப் படமும், வாய்ப் படங்களும் போனிலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். இதுவரை எவ்வளவு கட்டியாயிற்று என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அங்கே பார்க்க வழியில்லை என்றால், மனத்தைத் தேற்றிக்கொண்டு இப்போதைக்குக் கழற்றிவிடுவதே மேல். கழற்றி, இதுவரை வந்த இடத்தில் பற்களை நிறுத்திவைக்க ரிடெய்னர் போட்டு அனுப்பி, வந்த பிறகு தொடரலாம். ஒன்பது மாதம் வீண் என்று தோன்றும். துலக்கியும் துலக்காமலும் இரண்டு வருடம் கிளிப்போடு இருந்து சொத்தைப் பல்லும் வெள்ளைத் தழும்புமாகத் திரும்பி வருவதைப் பார்க்கும்போது இது சின்ன நஷ்டம்.

இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடும் பயணமாக இருந்தால் கழற்ற வேண்டியதில்லை. விசை கொடுக்காத எஃகுக் கம்பியாக மாற்றி, ரப்பர் சங்கிலியை எடுத்துவிட்டு, பற்களை இருக்கும் இடத்திலேயே நிறுத்திவைத்து அனுப்பும் முறை உண்டு. தேதியைச் சொன்னால் உங்கள் மருத்துவரே செய்து கொடுப்பார்.

குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருகிறோம். எனக்குப் பல் மேல் உறைபோலக் கழற்றி மாட்டும் அலைனர், தம்பிக்குக் கம்பி கிளிப். அக்னி தீர்த்தத்திலும் கோவிலுக்குள் 22 தீர்த்தத்திலும் குளிக்கும்போது என்ன செய்வது? உப்புத் தண்ணீரில் கம்பி துருப்பிடிக்குமா?
– வாசகி, ஈரோடு

தம்பிக்குக் கவலை வேண்டாம். பிராக்கெட் துருப்பிடிக்காத எஃகு. எச்சிலிலேயே உப்பு இருக்கிறது, அதில் இரவும் பகலும் ஊறித்தான் கிடக்கிறது. கடலில் குளித்த பிறகு நல்ல தண்ணீரில் கொப்பளித்தால் சரி. தனுஷ்கோடி போனால் காற்றில் பறக்கும் மணல் பிராக்கெட் இடுக்கில் புகுந்துகொள்ளும். அங்கிருந்து வந்ததும் நேராக பிரஷ் போடாமல், நாலைந்து வாய் தண்ணீர் வேகமாகக் கொப்பளித்து மணலைத் துப்பிய பிறகு துலக்கச் சொல்லுங்கள். மணலோடு சேர்த்துத் தேய்த்தால் எனாமலில் கீறல் விழும்.

நீங்கள் தங்கும் அறையிலேயே அலைனரைக் கழற்றி, துளையுள்ள அதன் டப்பாவில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அக்னி தீர்த்தத்தில் அலை பெரிதாக இருக்காது. ஆனாலும் முங்கி எழுந்து வாய்த் தண்ணீரைத் துப்பும்போது அலைனரும் சேர்ந்து போகும். கோவிலுக்குள் ஒவ்வொரு தீர்த்தத்திலும் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்குவீர்கள், அப்போதும் அப்படித்தான். கண்ணாடிபோல இருப்பதால் ஈரத் தரையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாளுக்கு 22 மணி நேரம் மாட்ட வேண்டும் என்பது கணக்கு. சாப்பாட்டுக்கும் துலக்கவும் போக மிச்சமில்லை. தீர்த்தமாடும் நாளில் இரண்டு மூன்று மணி நேரம் குறைந்தால், அந்த அலைனரை ஒரு நாள் கூடுதலாகப் போட்டு அடுத்ததுக்கு மாறுங்கள்.

வெயிலில் நிற்கும் காரில் டப்பாவை விடாதீர்கள், சூடான தண்ணீரில் கழுவாதீர்கள். வளைந்தது வெளியே தெரியாது, மாட்டினால் பல்லில் உட்காராது. ஓட்டலில் டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தால் இலையோடு போய்விடும். முந்தின செட்டையும் பையில் கொண்டுவாருங்கள். இப்போதையது தொலைந்தால் மருத்துவரிடம் கேட்டு அதை மாட்டி, பல் பின்வாங்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ஒரு பிராக்கெட் பல்லைவிட்டு வந்து கம்பியில் தொங்குகிறது. உடனே ஒட்டும் பசையால் ஒட்டலாம் என்கிறாள் தோழி. ஊருக்குப் போக இன்னும் பத்து நாள் ஆகும்.
– மாணவி, மண்டபம்

ஒட்டவே ஒட்டாதே, அம்மா. அந்தப் பசை வாய்க்கானது இல்லை. ஈறைச் சுட்டுப் புண்ணாக்கும். இன்னொன்று, பிராக்கெட்டை அதன் இடத்தில் சரியாக வைப்பதில்தான் பல் எந்தப் பக்கம் நகரும் என்பதே இருக்கிறது. கண்ணாடி பார்த்து ஒட்டினால் அரை மில்லிமீட்டர் தப்பினாலும் பல் கோணலாக வரும். பிறகு அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு.

கம்பியிலேயே விட்டுவிடு. சுழன்று உதட்டில் உரசினால் மெழுகால் பக்கத்துப் பிராக்கெட்டோடு சேர்த்து மூடு. அந்தப் பல்லில் ரப்பர் மாட்டுவதை நிறுத்தி, மருத்துவமனைக்கு இன்றே சொல்லிவிடு. பிராக்கெட்டைத் திரும்ப ஒட்டக் கூடுதல் நேரம் ஒதுக்குவார்கள். கடைசிப் பல் குழாயாக இருந்து கம்பியிலிருந்து உருவி வந்துவிட்டால், கழுவி டப்பாவில் போட்டு எடுத்துப் போ. பத்து நாள் பொறுக்கலாம், ஆறு வாரம் ஆகக் கூடாது. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடு.

மதுரை விமான நிலையத்தில் சோதனைக் கருவி கிளிப்புக்குக் கத்துமா?
– வாசகர், ஏர்வாடி

பொதுவாகக் கத்தாது, உலோகம் மிகக் குறைவு. கத்தினாலும் வாயைத் திறந்து காட்டினால் முடிந்தது. மெழுகும் இடுக்கு பிரஷும் கைப்பையில் இருக்கட்டும். வெளிநாட்டு விமானமானால் வாய் கொப்பளிக்கும் மருந்து 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் கைப்பையில் போகாது, பெட்டியில் போடுங்கள்.

வெளியூர் போன இடத்தில் பேரன் இட்லியோடு சேர்த்து ஒரு பிராக்கெட்டை விழுங்கிவிட்டான். வாழைப்பழம் கொடுத்தோம். பேதிக்குக் கொடுக்கலாமா? அவன் வேப்பங்குச்சியாலும் பல் துலக்குகிறான், அது சரியா?
– வாசகி, சாயல்குடி

பேதி மருந்து வேண்டாம் பாட்டி. பிராக்கெட் என்பது மூன்று நாலு மில்லிமீட்டர் துண்டு. சில நாளில் மலத்தோடு தானே போய்விடும். வழக்கமான சாப்பாடே கொடுங்கள். அது உணவுக்குழாயில் போயிற்றா, மூச்சுக்குழாயில் போயிற்றா என்பதுதான் பார்க்க வேண்டியது. விழுங்கிய நேரத்தில் புரையேறி இருமினானா, அதற்குப் பிறகு விடாமல் இருமுகிறானா, மூச்சில் விசில்போல சத்தம் வருகிறதா, நெஞ்சு வலிக்கிறது என்கிறானா என்று கேளுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டருக்குக் காத்திருக்காமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மூச்சுத் திணறினால் 108.

வேப்பங்குச்சி கிளிப் கழற்றும்வரை வேண்டாம். மென்று விரித்த நார் பிராக்கெட்டுக்கு அடியில் போகாது, கம்பியில்தான் மாட்டி நிற்கும். அதைப் பிடித்து இழுத்தால் இன்னொரு பிராக்கெட்டும் கையோடு வரும்.